இரண்டு கூடை சுவிட்சு மூடிகள்

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிப்புடணும், ஓய். ரெண்டு அச்சுல எதை விக்கிறது? ஆளுகளுக்குத் தெரிய வேணாம்."

முதலாளி சொக்கநாதன் இவ்வாறு கேட்டுவிட்டுச் சென்றதிலிருந்து, அறுபது வயதைக் கடந்த குமாஸ்தா சாம்பசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரை செல்லூரில் இருந்த அந்தச் சிறிய பட்டறையில் மின்விளக்குச் சுவிட்சுகளுக்கு மூடி செய்தார்கள். குளிர் அச்சில் சோணைமுத்து கலவையை இட்டு அழுத்தினால் மூடி உடனே வந்துவிடும். ஆனால் அதைப் பிறகு ஒரு பகல் முழுவதும் உலையில் வேகவைக்க வேண்டும். வெந்த பின்னும் மங்கலாகவே இருக்கும். சூட்டு அச்சில் உக்கிரபாண்டி பேக்லைட் என்னும் பிசின் தூளை இட்டு, அழுத்தியபடியே ஐந்து நிமிடம் காத்திருப்பார். மூடி பளபளவென்று வரும். தூளின் விலைதான் அதிகம். எந்த அச்சு போகிறதோ, அதன் ஆளும் போக வேண்டியதுதான்.

சோணைமுத்துவின் மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. சாம்பசிவத்துக்கு மனம் கேட்கவில்லை. வியாழக்கிழமை மதியம், சூட்டு அச்சுக் கூடையிலிருந்து இருபது மூடிகளை எடுத்து, குளிர் அச்சுக் கூடையின் மேலே அழகாக அடுக்கினார்.

முதலாளி பார்த்தார்.

"அட! குளிர் அச்சுலயே இம்புட்டுப் பளபளப்பா? அப்புறம் எதுக்குய்யா அந்தத் தூளு, தெண்டத்துக்கு? உக்கிரபாண்டியை நிப்பாட்டிரும்."

உக்கிரபாண்டிக்கு மூன்று பெண் குழந்தைகள். சாம்பசிவம் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"நாளைக்கு இன்னொரு தரம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கோ."

முதலாளி போனதும் உக்கிரபாண்டி தயங்கித் தயங்கிச் சாம்பசிவத்தின் அருகில் வந்தார்.

"சாமி, நான் வேணா…"

"நீ ஒண்ணும் பேசாதே! நான் இருக்கேன்."

"இல்ல சாமி, ஒரு சேதி…"

"பேசாதேன்னு சொன்னேனா இல்லையா?"

மறுநாள் காலை சாம்பசிவம் இரண்டு கூடைகளையும் ஒன்றாகக் கொட்டி, கலந்து, சரிபாதியாகப் பிரித்து வைத்தார். இருவருக்கும் நியாயம் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு நிம்மதி.

முதலாளி ஒவ்வொரு கூடையிலும் கைவிட்டு அள்ளினார். இரண்டிலும் பாதி மங்கல், பாதி பளபளப்பு.

"ரெண்டும் இஷ்டத்துக்கு அடிக்குதுய்யா! ஒண்ணையும் நம்ப முடியாது. ரெண்டையும் வித்துப்புட்டு நூல் யாவாரம் பாக்கப் போறேன். பட்டறையை இன்னையோட மூடியாச்சு."

அவர் சென்றபின், சாம்பசிவம் இரண்டு தொழிலாளிகளின் முன்னும் கைகூப்பி நின்றார். மூக்குக்கண்ணாடிக்குள் கண்ணீர் நிரம்பி, எதிரில் இருந்தவர்கள் தெரியவில்லை.

"எல்லாம் நான் பண்ணின காரியம்பா. உங்க ரெண்டு பேர் பிழைப்பையும் கெடுத்துட்டேன்."

மூடிகளின் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் அரத்தைக் கீழே வைத்தாள்.

"அழுகாதீக சாமி. அவுக ரெண்டு பேருக்கும் மில்லுல வேலை கெடைச்சு ஒரு மாசமாச்சு. தாங்க ரெண்டு பேரும் போயிட்டா பட்டறையை மூடிருவாக, இந்த வயசுல உங்களுக்கு யாரு வேலை குடுப்பாகன்னுதான் போகாம இருந்தாக."