நட்டு பாயின் டிரெய்லர்

நட்டு பாய் வீட்டில் எந்தப் பொருளும், எதற்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ததாகச் சரித்திரம் கிடையாது. சைக்கிள் ரிம்மில் துணி காயும். வாஷிங் மெஷின் டிரம்மில் அரிசி இருக்கும். ஸ்கூட்டர் ஹெட்லைட் சமையலறையில் எரியும். அவர் மனைவி ஜமீலா அக்கா, வரும் விருந்தாளிகளிடம் முதலில் சொல்வது ‘உக்காருங்க’ அல்ல, ‘அதுல உக்காராதீங்க.’

புதுச்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் எதிர்வீடு அவருடையது. மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஊரோரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போய்வந்தார். சட்டைப் பையில் எப்போதும் நட்டும் போல்ட்டும் கிடக்கும். நடந்தால் சலங்கை கட்டியதுபோல் கேட்கும். பதினாறு வருஷம் எதிரெதிரே இருந்தும் அவருடைய நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கூரியர்காரரே ‘நட்டு பாய் வீடு எது’ என்றுதான் விசாரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி ஒரு டிரெய்லர் செய்யப்போவதாக அறிவித்தார். காசு கொடுத்து எதையும் வாங்குவதில்லை என்பது கொள்கை. உடைத்துப் போட்ட ஆட்டோவிலிருந்து அச்சும் ஒரு சக்கரமும் கிடைத்தன. இன்னொரு சக்கரம் வேறு ஏதோ வண்டியுடையது, கொஞ்சம் குள்ளம். அதனால் டிரெய்லர் பிறவியிலேயே இடப்பக்கம் சாய்ந்து நின்றது. சுட்டிக்காட்டினேன். சாய்ந்தால் என்ன, விழவில்லையே என்றார்.

சட்டத்துக்கு இரும்பு தேவைப்பட்டது. ஜமீலா அக்கா தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், கல்யாணத்துக்கு அவருடைய அப்பா கொடுத்த இரும்புக் கட்டில் நாலு துண்டாகியிருந்தது. அக்கா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசியதைத் தெருவே கேட்டது.

பலகைக்கு வைத்திக்குப்பம் போனார். கரையில் கழித்துப் போட்டிருந்த ஒரு படகின் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து அடித்தார். பலகை கடலை விட்டு வந்துவிட்டது, மீன் வாசனை பலகையை விடவில்லை. தெருவிலிருந்த பூனைகள் மொத்தமும் டிரெய்லரில் குடியேறின. கடைசியாக, இடித்த பங்களா ஒன்றின் வாசல் கேட் கீலைத் தட்டி வளைத்து, ஸ்கூட்டரோடு பிணைக்கும் கொக்கியாக்கினார்.

ஏழு மாதத்தில் வண்டி தயார். ஏற்றத்தான் பாரம் இல்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் ‘ஏதாவது ஏத்தணுமா?’ என்று கேட்பார். பூனைகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் நழுவிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தெருவே ‘முசியே’ என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிடும் எங்கள் வீட்டுக்காரர் பிரான்சிலிருந்து வந்து வீட்டை விற்றுவிட்டார். அது விடுதியாகப் போகிறதாம். நாங்கள் ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் வீடு பார்த்தோம். சாமான் ஏற்ற மினி லாரி சொல்லியிருப்பதாகப் பாயிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

“நான் இருக்கறப்ப லாரி எதுக்கு தம்பி?”

லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி கோமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் நடையில் பீரோ. அதைக் கட்டிப் பிடித்தபடி டிரெய்லரில் நான். பாய் ஸ்கூட்டரை ஆனை நடையில் ஓட்டினார். அரியாங்குப்பம் பாலத்தின் நடுவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். டிரெய்லரின் முன்பக்கம் தரையில் ஊன்றி நின்றது. கொக்கி கழன்றுவிட்டது. ஸ்கூட்டர் மட்டும் என்னை விட்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கத்தினேன். பின்னால் நின்றுபோன பஸ்களின் ஹாரனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் வந்தார். வண்டி எங்கே என்றார். போய்விட்டது என்றேன். டிரைவர் எங்கே என்றார். வண்டியோடு போய்விட்டார் என்றேன். அவர் என்னையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார்.

கால்மணி நேரம் கழித்து பாய் போனில் வந்தார்.

“தம்பி, நான் வூட்டாண்ட வந்துட்டேன். நீங்க எங்க?”

“பாலத்துல.”

“பாலத்துல எறங்கி என்னா பண்றீங்க?”

வழியெல்லாம் என்னிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். மில் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாராம். பதிலே வரவில்லையே என்று தோன்றவில்லையா என்று, அவர் பாலத்துக்குத் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“தோணுச்சு. தெருவ வுட்டுப் போற வருத்தத்துல இருக்கீங்கன்னு நானும் திரும்பிப் பாக்கல.”

மீன்பிடிக் கயிற்றால் கொக்கியை இறுக்கிக் கட்டி, போய்ச் சேர்ந்தோம். லாரியில் ஒரே நடையில் முடிந்திருக்கும் வேலை, பாயின் டிரெய்லரில் இரண்டு நாள், பதினொரு நடை. கடைசி நடையில் ஒரே ஒரு துடைப்பம் வந்தது.

முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு பாய் வந்து நின்றார். உள்ளே ஒரு கரண்டி.

“வுட்டுட்டு வந்துட்டீங்க.”

டீ குடித்தார், இரண்டு மணி நேரம் பேசினார், போனார். அவர் தலை மறைந்ததும் கோமதி கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். “இது நம்மளுது இல்லீங்க.”

அடுத்த வெள்ளி ஒரு குண்டான் மூடி. அதற்கடுத்த வெள்ளி ஒரு முக்காலி. பிறகு முறுக்கு அச்சு. அது வந்த மறுநாள் ஜமீலா அக்கா கோமதிக்கு போன் செய்தார்.

“எங்க வூட்டு முறுக்கு அச்சு அங்க வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. குடுத்தனுப்பறேன்.”

“வேணாம், இருக்கட்டும். அந்த மனுசன்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்காத. வெள்ளிக்கெழம ஆனா காலையிலேர்ந்தே வூட்டச் சுத்திச் சுத்தி வருது, எத எடுத்துக்கினு போலாம்னு.”

நாங்கள் கேட்கவில்லை. கோமதி சமையலறை அலமாரியில் ஒரு தட்டை அவற்றுக்காகக் காலிசெய்து வைத்திருக்கிறாள். அதில் இருப்பவை எதுவும் எங்களுடையவை அல்ல. வெள்ளிக்கிழமை மதியமானால் டீக்குப் பாலை வைத்துவிட்டு, இந்த வாரம் எதை மறந்துவிட்டு வந்தோமோ என்று இருவரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.