துண்டை மாற்றிப் போட்ட கம்பவுண்டர்

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் யாராவது நிம்மதியாக நடந்தார்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ‘ஒரிஜினல்’ இருந்த வரைக்கும் அது நடக்கிற காரியமே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர் நடையையெல்லாம் பார்ப்பார். “தபால்காரருக்கு இடுப்புல புடிச்சிருக்கு”, “வாத்தியாரு வூட்டுல இன்னிக்குச் சண்டை” என்று தீர்ப்பு சொல்வார். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த இடம் வந்ததும் ஊரே வயிற்றை எக்கிக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைக்கும். நான் சுற்றுவழியில் போய்விடுவேன். பிறவியிலேயே எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி.

அப்படிப்பட்டவர் எங்கள் இளைஞர் மன்றத்து நாடகத்துக்கு டைரக்டராக வந்து சேர்ந்தார். அதுவரை எங்களுக்கு நாடகம் என்றால் திருச்சியிலிருந்து வாடகைக்கு வரும் தாடியும் ஜிகினா சட்டையும்தான். ராஜாவானாலும் ரிக்‌ஷாக்காரனானாலும் ஒரே மாதிரி கையை ஆட்டி, ஒரே மாதிரி தூய தமிழில் கர்ஜிப்போம். ஒத்திகையைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன்டா, பத்துப் பேரு நிக்கிறீங்க, ஒரே ஆளு பேசற மாதிரி இருக்கு. ஒருத்தனாவது மனுசன் மாதிரி இருக்கீங்களா? ஒரிஜினலா இருக்கணும்டா.”

அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது.

அவர் வகுத்த முறை இது. ஒவ்வொரு நடிகனும் தன் வேஷத்துக்கு ஏற்ற ஓர் ஆளை நிஜத்தில் தேடிப்பிடித்து, பின்னாலேயே திரிந்து, நடை, பேச்சு, இருமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். “உள்ளூர்ல மட்டும் ஆளு புடிக்காதீங்க. அடி விழும். வெளியூருக்குப் போங்க” என்று பாதுகாப்புக்கும் வழி சொல்லியிருந்தார்.

கான்ஸ்டபிள் வேஷக்காரன் பெரம்பலூர் போய் ஒரு நிஜக் கான்ஸ்டபிளுக்குப் பின்னாலேயே அலைந்தான். அவர் சந்தேகப்பட்டு ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார். அழாத குறையாகத் திரும்பி வந்தவனை ஒரிஜினல் கட்டிக்கொண்டார். “கொடுத்து வெச்சவன்டா நீ. உள்ள இருந்தே பாத்துட்டு வந்திருக்கே.” அம்மா வேஷம் கட்டிய பையன் விக்கிரமங்கலத்தில் சித்தி வீட்டில் தங்கி, அடிபம்புக்கும் வீட்டுக்குமாகக் குடத்தை இடுப்பில் வைத்து நடந்து பழகினான். சித்திக்கு அவனைத் திருப்பி அனுப்ப மனசே இல்லை.

எனக்குக் கிடைத்தது பஞ்சாயத்துப் பெரியவர் வேஷம். அண்ணன் தம்பி கிணற்றுத் தகராறைத் தீர்க்க வந்து, இருவரையும் வெட்டுக்குத்து வரை கொண்டுபோய் விடுகிறவர். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என் ஆள் கிடைத்தார். பேசுவதற்கு முன் தோள் துண்டை எடுத்து ஓர் உதறு உதறி அடுத்த தோளில் போடுவார். எதிராளி பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, “அது கெடக்கட்டும், விசயத்துக்கு வாங்க” என்று ஆரம்பித்து, விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார். மறைந்து மறைந்து அவரை முழுசாக எடுத்துக்கொண்டு வந்தேன். நான் நடித்துக் காட்டியதும் ஒரிஜினல் கண் கலங்கிவிட்டார். என் வாழ்க்கையில் என்னை முதன்முதலாகப் பாராட்டியவர் அவர்தான்.

மன்றத்து ஆண்டு விழா அன்று மத்தியானம் என் அக்காவைப் பெண் பார்க்க மீன்சுருட்டியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். துண்டை எடுத்தார், உதறினார், அடுத்த தோளில் போட்டார்.

ஜெயங்கொண்டம் டீக்கடையில் நான் பிடித்த அதே ஆள். கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

சம்மதம் ஆகாமல் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் என்பதால் அவர்கள் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். “கலந்துக்கிட்டுச் சொல்றோங்க” என்று எழுந்தவர்களை அப்பா விடவில்லை. “சாயங்காலம் நம்ம பையன் நாடகம் இருக்குங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம். அப்பறமும் பஸ் இருக்கு.”

என்னைப் பெற்றவருக்கு என்மேல் அத்தனை பெருமை. அன்றைக்குத்தானா அது வர வேண்டும்?

மேடைக்குப் பின்னால் ஒரிஜினல் காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

“அண்ணே, என் ஆளு முன் வரிசையில உக்காந்திருக்காரு. அக்காவைப் பாக்க வந்தவங்க அவங்கதாண்ணே.”

திரைச் சந்தில் கண்ணை வைத்தார். “அச்சு அசலாப் புடிச்சிருக்கேடா” என்றார், முகமெல்லாம் பூரித்து.

“அண்ணே, கல்யாணம் நின்னுடும். நான் பழையபடி கையை ஆட்டி நடிச்சுடறேனே.”

“கையை ஆட்டினா அது எந்த ஊரு ஆளு? உனக்கு இனிமே வேற வராதுடா. ஒடம்புல ஏறிப்போச்சு.”

அது உண்மைதான். பயத்தில் வேறு நான் அந்த நேரத்திலேயே துண்டை இரண்டு தடவை தோள் மாற்றியிருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மைக்செட்காரர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆபத்தில் கைவிட்டுப் போகிறாரே என்று மனசுக்குள் வைதேன்.

என் காட்சி வந்தது. துண்டை உதறினேன். முன் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா நெற்றியைச் சுருக்கினார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். போச்சு, அக்கா வாழ்க்கை போச்சு என்று கண்ணை மூடினேன். அதுவும் அவருடைய பழக்கம்தான்.

கண்ணைத் திறந்தபோது அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரிஜினல் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அரைக்கைச் சட்டையும் பேண்ட்டுமாகத் திரிகிறவர் தோளில் துண்டு. அதை எடுத்து உதறி அடுத்த தோளில் போட்டார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் கிசுகிசுப்பாக எதையோ கேட்டு, பதில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கணீரென்று, “அது கெடக்கட்டுங்க, விசயத்துக்கு வாங்க” என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரிஜினலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ஒரிஜினலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், நாற்காலி ஆடியது. சிரித்த வேகத்தில் தன் துண்டை எடுத்து உதறி அடுத்த தோளில் போட்டுக்கொண்டார். மேடையில் ஒரு துண்டு, கீழே இரண்டு துண்டு. கூட்டம் எதற்கென்றே தெரியாமல் கை தட்டியது.

நாடகம் முடிந்து எங்கள் வீட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் சிரிப்பைக் காணோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“பையன் நல்லாத்தான் நடிக்கிறாப்ல. ஆனா ஒண்ணுங்க. உள்ளூரு மனுசனை இப்புடி மேடையேத்திக் கேலி பண்றது தப்பு. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராமே, என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. பாவம், வெகுளி. தன்னைத்தான் பண்றாங்கன்னுகூடத் தெரியல அவருக்கு.”

அவர் மனைவி தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“இனிமே பண்ணமாட்டாங்க” என்றார் அப்பா.

“அது கெடக்கட்டும், விசயத்துக்கு வாங்க” என்று துண்டை மாற்றிப் போட்டார். “சோறு ஆயிருச்சுங்களா? இலையைப் போடச் சொல்லுங்க. கை நனைச்சுட்டே போறோம்.”

உள்ளே அம்மா அழுதுகொண்டே அரிசி களைந்தாள்.

நாங்கள் நினைத்தது அத்தோடு முடிந்தது என்று. ஒரிஜினல் விடவில்லை. கல்யாணத்துக்குத் துண்டோடு வந்தார். சீமந்தத்துக்கும் வந்தார். மீன்சுருட்டி மாமா ஊருக்கு வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், மாட்டுக்கு ஊசி போடும்போதுகூடத் தோளில் துண்டு இருக்கும். பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போன பிறகு, அக்கா குழந்தையின் காது குத்துக்கு பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே துண்டை உதறிக்கொண்டு இறங்கினார்.

“கொழந்தையே பொறந்தாச்சு, இன்னும் எதுக்குண்ணே இது?” என்று கேட்டேன்.

“திடீர்னு விட்டா அந்த மனுசனுக்கு யோசனை ஓடும்டா. தங்கச்சி வாழற வூடு” என்றார்.

நாடகத்தில் பொய்யாக ஒரு கையசைவுகூடப் பொறுக்காத மனுஷர், அக்காவுக்காக இத்தனை வருஷம் வேஷம் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். ஒரு காது குத்தி முடிந்ததும் அக்கா குனிந்து, “இன்னொரு காது அண்ணன் மடியில குத்தட்டும்டா” என்றாள். அந்தத் துண்டு விஷயத்தை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரிஜினல் துண்டை எடுத்து உதறுவதற்குப் பதிலாக அதை மடியில் விரித்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பேன்?