கொட்டேசன் அண்ணையும் வழி சொல்லும் மெசினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூன்று விலைமனு கோராமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்காத மனிதர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். அவரோடு பத்து வருடம் ஒரே அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு இருந்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. களைப்பு நிறைய உண்டு.

அச்சுவேலிப் பக்கத்தில் இருந்த எங்கள் கந்தோரில் அவர் களஞ்சியப் பொறுப்பாளர். அரசாங்கச் சட்டப்படி நிலம் கூட்டும் தும்புத்தடி ஒன்று வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைமனு எடுக்கவேண்டும், ஒப்பீட்டுத்தாள் தயாரிக்கவேண்டும், ஒரு குழு கூடிக் கையெழுத்து வைக்கவேண்டும். மற்றவர்கள் இந்தச் சட்டத்தைக் கந்தோரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். சந்தையில் முருங்கைக்காய் வாங்கும்போதும் மூன்று பேரிடம் காயை முறுக்கிப் பார்த்துக் கொப்பியில் குறிப்பெழுதுவார். நாலாவது ஆளிடம் இன்னும் நல்ல காய் இருக்கிறதே என்றால், "அவர் கொட்டேசன் போடேல்லை" என்பார். ஆகவே ஊரில் அவருக்குப் பெயர் கொட்டேசன் அண்ணை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் புவியியல் ரீச்சர். கலியாணம் முடித்த கிழமையிலேயே, "உம்மை மோட்டச்சைக்கிளிலை ஏத்தி இலங்கையைச் சுத்திக் காட்டுறன்" என்று அண்ணை வாக்குக் கொடுத்துவிட்டார். முதலில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. பிறகு பெற்றோல் கிடைக்கவில்லை. பாதை திறந்தபோது வீடு திருத்தவேண்டி வந்தது. மூன்று மேசன்மாரிடம் விலைமனு கோரியதால் அதற்கே ஐந்து வருடம் போயிற்று. இப்படி இருபத்தெட்டு வருடம். கடைசியில் ஒரு தடையும் இல்லை என்று ஆனபோது அண்ணை புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். வழி காட்டும் மெசின் வேண்டுமாம். வானத்தில் சுற்றும் செய்மதியைக் கேட்டு, நாம் எங்கே நிற்கிறோம், எங்கே திரும்பவேண்டும் என்று வாயாலேயே சொல்லும் சின்னப் பெட்டி அது. மோட்டார் சைக்கிளின் கைபிடியில் பூட்டுவதற்கென்றே தனியாகச் செய்கிறார்கள்.

சரி, ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே? கொட்டேசன் அண்ணையா போவார்? தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் அவர். செயலாளர் நான். உறுப்பினர் எங்கள் கந்தோர்ச் சாரதி. சாரதி இலங்கையின் எல்லா வீதியும் ஓடி முடித்த மனிதர்.

"அண்ணை, உதுக்கேன் மெசின்? கண்டி றோட்டிலை ஏறி நேரை போய், பரந்தனிலை இடப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு. அங்கையிருந்து..." என்று முதல் கூட்டத்திலேயே தொடங்கினார் சாரதி.

"நிப்பாட்டும்! நீர் குழு உறுப்பினர். வழி சொல்லப்படாது" என்றார் தலைவர். அதையும் நான் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டி இருந்தது.

மெசினுக்கு இருக்கவேண்டிய தகுதிகள் இரண்டு பக்கம் வந்தன. வெயிலில் திரை தெரியவேண்டும். மழையில் நனைந்தாலும் பழுதாகக்கூடாது. மோட்டார் சைக்கிளின் பற்றரியிலேயே ஓடவேண்டும். கையுறை போட்ட விரலாலும் அமத்தக்கூடியதாக இருக்கவேண்டும். எங்கள் ஊர் வெயிலில் கையுறை போட்டு மோட்டார் சைக்கிள் ஓடியவரை நான் கண்டதில்லை. அண்ணையிடமும் கையுறை இல்லை. ஆனால் தகுதி தகுதிதான் என்று, ரீச்சரின் பள்ளிக்கூடத்தில் விக்கெற் காப்பாளர் போடும் கையுறையை இரவல் வாங்கிவந்து பரிசோதித்தார். ஒருமுறை அமத்தியதில் நாலு ஊர் ஒன்றாகத் தெரிவாயின.

முதலாவது மெசின் லண்டனில் இருக்கும் ரீச்சரின் தம்பி அனுப்பியது. அவர் பாவித்துக் கழித்த பழையது. அதை அச்சுவேலியில் வைத்து முதன்முதலாக முடுக்கியபோது அதற்குள் இங்கிலாந்து வீதிப் படம் மட்டுந்தான் இருந்தது. பத்து நிமிடம் யோசித்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில், கப்பல் ஏறச் சொன்னது. "நேர்மையான மெசின்" என்று அண்ணை குறிப்பெழுதினார். இலங்கைப் படத்தை அதற்குள் ஏற்றிய பிறகு, இரைச்சலில் குரல் கேட்குமா என்று பார்க்கவேண்டும் என்றார். குடாநாட்டிலேயே ஆகப் பெரிய இரைச்சல் எங்கே? அளவெட்டியில் ஒரு கோயில் திருவிழாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாதஸ்வரம் ஓய்ந்து தவில்காரர்கள் இரண்டு பேரும் மாறி மாறி அடித்து உச்சத்துக்கு ஏறி, ஒரு கணம் கையை நிறுத்திய அந்த இடம் பார்த்து வெள்ளைக்காரி வாய் திறந்தாள்: இடப்பக்கம் திரும்பு. சபையில் பாதிப்பேர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தவில்காரர் எங்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அண்ணையோ, "கேக்குது, நல்லாக் கேக்குது, எழுதும்" என்றார்.

இரண்டாவது, யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில், திருப்பிக் கொடுக்கும் பேச்சில் பரீட்சைக்கு வாங்கியது. அதைப் பூட்டிக்கொண்டு வரணிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் புறப்பட்டார். மெசின் அவரைக் குறுகலான ஒழுங்கைக்கு மேல் ஒழுங்கையாகக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வீட்டு வாசற்படலைக்குள் விட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. அது செத்தவீடு. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுப் படலைக்குள் கால் வைத்தவன் உடனே திரும்பி வரமுடியாது. கதிரை கொடுத்தார்கள், இருந்தார். பிளேன் ரீ கொடுத்தார்கள், குடித்தார். "நீங்கள் கந்தோர்ப் பகுதியோ?" என்று யாரோ கேட்க, கந்தோரில் வேலை செய்வது உண்மைதானே என்று "ஓம்" என்றார். கந்தோர் சார்பில் இரண்டு வார்த்தை பேசும்படி கூப்பிட்டுவிட்டார்கள். ஆளின் பெயர்கூடத் தெரியாமல் பத்து நிமிடம் பேசினார். "அன்னார் எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார்" என்று சொன்னபோது விதவை விம்மி விம்மி அழுதாவாம். குழுவுக்கு அவர் கொடுத்த அறிக்கை ஒரு வரி: வழி சரி, வீடு பிழை.

மூன்றாவது மெசின் அவருடைய சொந்தக் கைத்தொலைபேசி. அதை ஒரு பிடியில் மாட்டித் தொண்டைமானாற்றுப் பாலத்தடிக்கு மத்தியான வெயிலில் ஓடிப் பார்த்தார். திரையில் அவருடைய மூக்கு மட்டுந்தான் தெரிந்தது. நடுவழியில் சாரதி அழைப்பு எடுத்து, "அண்ணை எங்கை நிக்கிறியள்?" என்று கேட்க, "அதைத்தான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒருநாள் ரீச்சர் என்னை மறித்துச் சொன்னா: "தம்பி, நான் இலங்கைப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையிலை கீறுவன். அதிலை இருக்கிற இடத்திலை பாதி நான் காணேல்லை. கொழும்புக்குப் பேப்பர் திருத்தப் போனதுதான், அதுவும் பஸ்ஸிலை நித்திரை. அடுத்த வருசம் என்ரை முழங்கால் பின் சீற்றிலை ஏறாது. இந்த ஓகஸ்ட் லீவுக்குப் போனால் போனது. இல்லாட்டில் இனி இல்லை. உங்கடை தலைவரிட்டைச் சொல்லுங்கோ."

சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். "உங்களுக்கு மெசினும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் அண்ணை. வாய் இருக்கு. சந்திக்குச் சந்தி நிண்டு வழி கேட்டால் சொல்லமாட்டினமே?"

அவர் ஒப்பீட்டுத்தாளை மடித்து வைத்தார். "சொல்லுவினம் தம்பி. அதுக்கு முதல் என்ன கேப்பினம் எண்டு உமக்குத் தெரியாதோ?"

தெரியாமல் என்ன. எங்கள் ஆட்கள் சும்மா வழி சொல்லமாட்டார்கள். எந்த ஊர், ஆரின்ரை மகன், என்ன உத்தியோகம், பிள்ளையள் எத்தினை. இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகுதான் வலப்பக்கமா இடப்பக்கமா என்று வரும்.

"கலியாணம் முடிச்சு ஆறாம் வருசம், சாவகச்சேரியிலை ஒரு வீடு தேடிப் போனனாங்கள். படலையடியிலை நிண்ட ஒரு மனுசியிட்டை வழி கேட்டன். பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டா. இல்லையெண்டு ரீச்சர் சொன்னா. அந்த மனுசி வழியைச் சொல்லேல்லை, எந்தக் கோயிலிலை நேத்தி வைக்கிறது, எந்த டொக்டரிட்டைப் போறது எண்டு சொல்லிக்கொண்டு நிண்டா. அண்டைக்கு ரீச்சர் வீடு வரும்வரைக்கும் ஒரு சொல் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் ஆரிட்டையும் வழி கேட்டதில்லை தம்பி. இலங்கை முழுக்கச் சுத்தேக்கை சந்திக்குச் சந்தி அவ உந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லவேணுமோ? ஆரெண்டு கேளாமல் வழி சொல்லுறது உந்த மெசின் ஒண்டுதான். அது பிழை விடாததா இருக்கவேணும்."

குழுவின் செயலாளர் வேலையை அன்றுமுதல் நான் முகம் சுளிக்காமல் செய்தேன்.

ஆனாலும் பாருங்கள், ஓகஸ்ட் லீவு தொடங்கிய வெள்ளிக்கிழமை கூடிய குழு என்ன தீர்மானித்தது? சொந்தத் தொலைபேசிக்குத் தானே விலைமனு போட்டது சட்டப்படி செல்லாது. ஆகவே இருப்பது இரண்டு விலைமனு. ஆகவே மீண்டும் முதலிலிருந்து கோரவேண்டும். நானும் சாரதியும் தலையில் கை வைத்தோம். தீர்மானத்தை அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ரீச்சர் அதை வாசித்தா, எழும்பித் தோசைக்கு அரைக்கப் போனா.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் படலையில் மோட்டார் சைக்கிள் உறுமியது. அண்ணை வீட்டில் போடும் பழைய சேட்டோடு நின்றார். கையில் அதே தீர்மானத்தாள். அதன் பின்பக்கத்தில் ரீச்சரின் கையெழுத்து: "நான் முல்லைத்தீவாலை திருகோணமலைக்குப் போறன். வழி கேட்டுக் கேட்டுப் போவன். தோசைமா பிறிஜ்ஜிலை இருக்கு."

"அவவின்ரை ஸ்கூட்டியைக் காணேல்லை. போனும் எடுக்கிறா இல்லை. ஏறும்!" என்றார். ஏறினேன். மெசின் ஒன்றும் இல்லை. விலைமனு ஒன்றும் இல்லை. அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

கொடிகாமத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, இருபத்துச் சொச்சம் வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்து ஓர் அந்நியரிடம் கேட்டார். "அண்ணை, சிவப்பு ஸ்கூட்டியிலை ஒரு ரீச்சர்..."

கடைக்காரர் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஓ! நீங்கள்தானோ அந்த மூண்டு கொட்டேசன்காரர்?"

"நேர் றோட்டிலை அவ என்னத்துக்கு வழி கேட்டவ?"

"கேட்டவ. இருந்து தேத்தண்ணியும் குடிச்சவ. போய் இப்பதான் ஒரு மணித்தியாலம்."

பரந்தனில் சைக்கிள் திருத்துகிறவருக்கு முருங்கைக்காய்க் கதை தெரிந்திருந்தது. செத்தவீட்டில் பேசிய பேச்சை அண்ணையிடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எந்த ஊர், ஆரின்ரை மகன் என்று வழியில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் விடை எங்களுக்கு முன்னாலேயே ஸ்கூட்டியில் போய்விட்டது.

புதுக்குடியிருப்புச் சந்தியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா எங்களைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தா. "இதுதான் அந்தப் பிள்ளையோ?"

"என்ன பிள்ளை?" என்றார் அண்ணை.

"ரீச்சர் அக்காவிட்டை, பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டன். 'ஒண்டு. அம்பத்தெட்டு வயசு. பின்னாலை வந்துகொண்டிருக்கு. கண்டியள் எண்டால் கடற்கரைப் பக்கம் அனுப்பிவிடுங்கோ' எண்டா."

அண்ணை எஞ்சினை நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அழுதவவோ?"

"அழுறதோ? சிரிச்சுச் சிரிச்செல்லோ சொன்னவ. நாங்களும் சிரிச்சம்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் இளநீரைக் குடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

முல்லைத்தீவுக் கடற்கரையில், ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து ரீச்சர் வாய்ப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

"இஞ்சரும்..." என்று தொடங்கினார் அண்ணை. ரீச்சர் இடையில் மறித்தா.

"மெசின் எங்கை?"

"வாங்கேல்லை."

"நல்லது" என்று ரீச்சர் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினா. ஸ்கூட்டியை முடுக்கும் திறப்பு என் கைக்கு வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது முயற்சியில், மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் ஏறி இருந்தா. "நீங்கள் ஓடுங்கோ. நான் வழி கேக்கிறன்."

பதினொரு நாளில் இலங்கையைச் சுற்றி முடித்து வந்தார்கள். ஆனால் நான் மறக்காதது அந்தப் பயணத்தையல்ல, அதற்குப் போகாத நான் அன்று தனியாகத் திரும்பி வந்த வழியை. குழுவின் செயலாளர், பெண்பிள்ளைகள் ஓடும் சிவப்பு ஸ்கூட்டியில், முழங்கால் முகத்தில் இடிக்க, முல்லைத்தீவிலிருந்து அச்சுவேலிக்கு. சந்திக்குச் சந்தி ஆட்கள் ஸ்கூட்டியை அடையாளம் கண்டு மறித்தார்கள். புதுக்குடியிருப்பில் அந்த இளநீர் அம்மா றோட்டுக்கே ஓடிவந்துவிட்டா.

"தம்பி, ரீச்சர் அக்காவின்ரை பிள்ளை கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அம்மா, பத்திரமாக் கிடைச்சிட்டுது" என்றேன்.