கொசு அண்ணாத்தே போட்ட வட்டம்

கொசுவை நம்பிக் குடும்பம் நடத்தும் ஜீவன்கள் இந்த உலகத்தில் இரண்டுதான். ஒன்று தவளை. இன்னொன்று அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் கடை போட்டிருந்த கொசு அண்ணாத்தே. தவளையாவது மழைக்காலத்தில்தான் பேசும். இவர் வருஷம் முழுக்கப் பேசுவார்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தபால்காரரே தெருவில் நின்று "கொசு" என்றுதான் குரல் கொடுப்பார். இவரும் கொஞ்சமும் கோபப்படாமல் வந்து கையெழுத்துப் போடுவார். வேலையில் சுத்தம். அவர் அடித்த வலையில் காற்று வரும், கொசு வராது. ஒரே கஷ்டம், கடைக்கு ஆளும் வராது. எல்லாரும் போனைத் தட்டி வேறு யாரையோ வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். தவக்காலம் தொடங்கிய அன்று, நெற்றியில் சாம்பலோடு கடைக்கு வந்து கெடு வைத்தார்.

"ஈஸ்டர் வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு பெரிய ஆர்டர் வர்லன்னா கடைய காலி பண்ணிட்டு எங்கண்ணன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கினே இரு."

அண்ணன் என்பவர் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருந்தார். எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "இன்னா மாப்ள, கொசுங்கல்லாம் சௌக்கியமா கீதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் கீழே தினமும் உட்கார்ந்து பெட்டி எண்ண வேண்டும் என்று நினைத்தாலே அண்ணாத்தேக்குச் சோறு இறங்காது. அந்த ஈஸ்டர்தான் அவருக்குத் தூக்குத் தேதி.

இந்த நிலையில்தான் பாடி மேம்பாலத்துப் பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த வகுப்புக்குப் போனார். கோட்டு போட்ட ஒருவர் நாள் முழுக்க ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். சரக்கை விற்காதே. உன் தொழிலில் நீதான் கரைகண்டவன் என்று ஊருக்குக் காட்டு. தெரிந்ததையெல்லாம் தினமும் வீடியோவில் சும்மா அள்ளிக் கொடு. ஊர் உன்னைத் தேடி வரும். இதற்குப் பெயர் அத்தாரிட்டி.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நானோ எஸ்டேட்டில் ஓர் ஆபீசில் விளம்பர வாசகம் எழுதுகிறவள். ஸ்டேஷனில் இறங்கிக் கத்திரிக்காய்ப் பையோடு நடந்து வந்தவளை வழியிலேயே மறித்தார்.

"தங்கச்சி, இன்னிலேர்ந்து நான் யாவாரி கெடியாது. அத்தாரிட்டி. நீதான் எயுதித் தரணும்."

"எதைப் பத்தி அண்ணாத்தே?"

"கொசுவப் பத்திதான். வேற இன்னா தெரியும் எனுக்கு?"

அதற்குள் அவர் வீட்டுக்குள்ளேயிருந்து ஸ்டெல்லா அக்காவின் குரல் வந்தது. "அத்தாரிட்டி, பால் திரிஞ்சு போச்சு. ஒரு பாக்கெட் வாங்கினு வா." அத்தாரிட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

என் வாய் சும்மா இருக்காது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் கொசுவுக்கே போயின. முதல் நாள் வீடியோவில், கொசு வராமல் இருக்க ஜன்னலை மூடவும் என்றார். மறுநாள், கதவையும் மூடவும் என்றார். மூன்றாம் நாளே சொல்ல ஒன்றும் இல்லாமல், கொசு எங்கே உட்காரும், எப்போது கடிக்கும், மனிதனில் யாரை விரும்பும் என்று தன் கையையே நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். "கடிக்கறது பொம்பள கொசுதான், ஆம்பள கொசு கடிக்காது" என்று அவர் சொன்ன அன்று ஸ்டெல்லா அக்கா இரவுச் சமையல் செய்யவில்லை.

ஊரைக் கவர வேண்டும் என்று மொட்டை மாடியில் குழாயால் சட்டம் கட்டி, சுற்றிலும் வலை அடித்து, ஜிப் வைத்து ஓர் அறை செய்தார். சாயங்காலம் கொசு வரும் நேரத்தில் அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரலையில் பேச வேண்டும். ஒரு கொசுவும் அண்டாது என்று ஊர் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம். போனைப் பிடித்தது நான்.

திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. நடுவில் டீ குடிக்க இறங்கியபோது ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். தெருவிலுள்ள கொசுவெல்லாம் அவருக்கு முன்னாலேயே போய் உள்ளே இடம் பிடித்திருந்தன. உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடி, "வணக்கம்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது பாதி, அடித்துக்கொண்டது பாதி.

"அண்ணாத்தே, வெளிய வந்துருங்க" என்றேன்.

"இருமா" என்று கன்னத்தில் ஓர் அறை விட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தார். "நல்லா பாருங்க மக்களே. இவ்ளோ நேரமா ஒரு கொசுவாவது வெளிய போச்சா? அதான் நம்ம வலையோட தரம்."

அந்த வீடியோவை ஆவடி முதல் பூந்தமல்லி வரை பார்க்காத ஆள் இல்லை. ஆர்டர்தான் வரவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒன்றே ஒன்று வந்தது. ஆவடியிலிருந்து ஓர் அம்மா வீடு முழுக்க வலை வேண்டும் என்று கூப்பிட்டார். டேப்பும் கையுமாகப் போனவர், கொல்லையில் பழைய டயரில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார். அதைக் கவிழ்த்துவிட்டு, "இதான்மா உன் கொசு. வலை வாணாம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டயரை அவர் கழுத்திலேயே மாட்டியிருப்பேன்.

"வீடியோல தண்ணி தேங்க வுடாதீங்கன்னு தெனம் சொல்றேன். நேர்ல மாத்திச் சொல்ல முடியுமா தங்கச்சி?" என்றார்.

சரி, இந்த மனிதரை இவர் போக்கில் விட்டால் ஆகாது என்று, விளம்பரத்தில் இறங்கினேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருந்தது. எங்கே பார்த்தாலும் ஜன்னல், எங்கே பார்த்தாலும் கொசு. அந்த ஓர் ஆர்டர் கிடைத்தால் கடை தப்பிக்கும். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் போனில் மட்டும் நம் விளம்பரம் வரும். யாராவது அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் அன்றைக்குக் கட்டிய பணத்தில் கொஞ்சம் கழியும். தீர்ந்தால் விளம்பரம் நின்றுவிடும். இதையெல்லாம் விளக்கி, அந்தக் குடியிருப்பைச் சுற்றி வட்டம் போட்டேன். படம் அவர் விருப்பப்படி: இரவல் கோட்டு, கட்டிய கை, பின்னால் பெரிதாக்கிய ஒரு கொசு. கொசுதான் முதலாளி மாதிரி இருந்தது.

அண்ணாத்தே வட்டத்தையே உற்றுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நம்ம தெரு இதுல இல்லியே."

"நம்ம தெருவுல ஏற்கெனவே எல்லார் வீட்டுலயும் நீங்க அடிச்ச வலைதானே இருக்கு?"

"அதுக்கு? கல்யாணப் பத்திரிக ஊரெல்லாம் வச்சிட்டு பக்கத்து ஊட்ட வுட்டுட முடியுமா? இன்னா நெனைப்பாங்க?"

வேறு வழியில்லாமல் எங்கள் தெருவுக்கும் ஒரு வட்டம் போட்டேன்.

நீங்கள் என்ன நினைப்பீர்களோ, எங்கள் தெரு இதை மொய்யாகவே எடுத்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் போனில் அண்ணாத்தே முகம். அழுத்தாமல் போனால் மரியாதையா? பல் விளக்குவதற்கு முன்னால் ஒருமுறை, காப்பி குடித்துவிட்டு ஒருமுறை. இஸ்திரி வண்டி ராஜேந்திரன் வழியில் பார்த்து, "அண்ணாத்தே, நம்ம ஊட்ல எல்லாரும் அழுத்திட்டோம். ஊர்லேர்ந்து வந்த மாமியாரயும் அழுத்த வச்சேன்" என்று கணக்கு ஒப்பித்தார். அண்ணாத்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

செம்பரம்பாக்கத்துக்காரர்கள் நடைப்பயிற்சி முடித்துப் போனை எடுப்பதற்குள் பணம் தீர்ந்து விளம்பரம் படுத்துவிடும். இப்படியே வாரங்கள் போயின. காரணத்தைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலை சுற்றியது.

"அவங்க ஒவ்வொரு தடவை அழுத்தறதும் உங்க காசு அண்ணாத்தே. அழுத்தாதீங்கன்னு சொல்லுங்க."

கையிலிருந்த வலையை மடித்தார். "ஆசையா செய்றாங்க. மொய் வச்சவன்கிட்ட திருப்பி எடுத்துக்கோன்னு எப்டி சொல்றது?"

ஒரு ராத்திரி அவருக்குத் தெரியாமல் தெரு வட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் விடியும்போதே கடைவாசலில் பஞ்சாயத்து. "காலைல உன் மூஞ்சி வர்லியே, எங்க மேல எதுனா வருத்தமா?" என்று கேட்டார் ராஜேந்திரன். அண்ணாத்தே என்னைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்று வட்டத்தைத் திரும்பப் போட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு. அன்றைக்குப் பவனியும் பூசையுமாக நேரம் நீளும். தெருவில் பாதி கோயிலில், போனை அணைத்துவிட்டு ஓலையோடு நின்றது. மீதிப் பாதி மீன் வாங்கப் போயிருந்தது. ஒருவரும் அழுத்தவில்லை. முதல்முறையாக விளம்பரம் செம்பரம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. அண்ணாத்தே பூசை முடிந்து வெளியே வருவதற்குள் குடியிருப்புச் செயலாளர் கூப்பிட்டுவிட்டார். செவ்வாய் சாயங்காலம் எல்லாரும் கூடுகிறார்கள், கொசு நிபுணர் வந்து பேச வேண்டும், அளவும் எடுத்துவிடலாம் என்றார்.

இரவல் கோட்டோடு அண்ணாத்தே என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வழக்கம்போல நேரலைக்குப் போனைப் பிடித்தது நான். மண்டபத்தில் நுழைந்ததும் பட் பட்டென்று ஒரே சத்தம். கைதட்டுகிறார்கள் என்று நினைத்து இவர் நாலு பக்கமும் கும்பிட்டார். பாவம், அவர்கள் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி, நேராக விஷயத்துக்கு வந்தார். "எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆளுக்கு ஆர்டர் தர்றதா முடிவு பண்ணியிருக்கோம். நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே ஆரம்பிக்கலாம்." எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடை தப்பித்தது, அட்டைப்பெட்டி ஒழிந்தது என்று நினைத்தேன்.

"ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன் சார்" என்று அண்ணாத்தே டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போனும் கையுமாக நானும் செயலாளரும் பின்னாலேயே போனோம். வாசலில் கட்டுமானக்காரர் அழகுக்கு வைத்த நீரூற்று, மோட்டார் எரிந்துபோய், தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"சார், இது உங்க வாசல்லயே நடக்குற பிரசவ ஆஸ்பத்திரி. இத காலி பண்ணுங்க. மாடி தொட்டிக்கு மூடி போடுங்க. அப்பறமும் கடிச்சா கூப்டுங்க, வலை அடிக்கறேன்."

"அப்போ இப்ப வலை வேண்டாம்னு சொல்றீங்களா?"

நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"தங்கச்சி கால மெறிக்குது சார்" என்றார் அண்ணாத்தே. "ஆனா வாணாம்."

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தேன். பூந்தமல்லி தாண்டியதும் மெதுவாக, "தங்கச்சி, மச்சான் கம்பெனில காலைல எத்தினி மணிக்கு மெஷின்ல கை வெரல் வைக்கணும்னு உனுக்கு எதுனா தெரியுமா?" என்றார். என் கோபம் அங்கேயே செத்துவிட்டது.

தெருவில் நுழைந்தால் அண்ணாத்தே வீட்டு வாசலில் கும்பல். எல்லாரும் நேரலையைப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டெல்லா அக்கா படியில் நின்றார்.

"துன்னியா?"

"இல்ல."

"உள்ள வா. எங்கண்ணனுக்கு போன் பண்ணிட்டேன்."

அண்ணாத்தே கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டார். "எப்ப வர சொன்னாரு?"

"எங்க ஊட்டுக்காரரு ஈஸ்டருக்கு துன்றதுக்கு மட்டும் வருவாருன்னு சொல்லிட்டேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "அவ்ளோ பெரிய ஆர்டர கைல வச்சிகினு உண்மைய சொல்லிட்டு வந்த ஆள பொட்டி எண்ண அனுப்ப எனுக்கு மனசு வர்ல. காலைல கடைய தொற. அடுத்த ஈஸ்டர் வரிக்கும் நான் சமாளிச்சிக்கறேன்."

அடுத்த ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டி வரவில்லை. நீரூற்றை மூடியதும் அங்கே கொசு பாதியாகக் குறைந்தது. ஏரிப் பக்கத்து வீடுகளில் குறையவில்லை. அவர்கள் இவரையே கூப்பிட்டு வலை அடித்துக்கொண்டார்கள். வலை வேண்டாம் என்று சொல்கிற வலைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று செயலாளர் மற்ற குடியிருப்புகளிலும் சொல்லிவைத்தார். இப்போது எங்கே கொசு வந்தாலும் முதலில் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கோட்டு போட்டவர் சொன்னதும் இதுதானோ என்னவோ.

கல்யாணம் ஆகி நான் பூந்தமல்லிக்கு வந்துவிட்டேன். தெரு வட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். "நம்ம ஜனம் காலைல தேடும்" என்று அதற்குத் தனியாகவே பணம் கட்டுகிறாராம். போன வாரம் காலையில் போனை எடுத்தால் அந்தக் கட்டிய கையும் பெரிய கொசுவும் என் எதிரில் நின்றன. இங்கே எப்படி வந்தது என்று, பழைய கணக்கைத் திறந்து வரைபடத்தைப் பார்த்தேன். அம்பத்தூரில் எங்கள் தெருமேல் ஒரு வட்டம். அதற்கு வெகுதூரம் தள்ளிப் பூந்தமல்லியில், என் வீட்டை நடுவில் வைத்து, புதிதாக இன்னொரு சின்ன வட்டம்.

காசை வீணாக்கும் மனுஷன் என்று திட்டிக்கொண்டே அழுத்தினேன். காப்பி குடித்துவிட்டு இன்னொரு முறையும் அழுத்தினேன்.