பெசமினோவின் காலும் நெஞ்சும்

தேங்காய் துருவ உட்கார்ந்தாலே எனக்குப் பக்கத்து வீட்டு பெசமினோ ஞாபகம் வந்துவிடும். இப்போதும் கை துருவலில் இருக்கிறது, மனசு அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. பாலுசாமி என்கிற இந்த ஊர்ப் பலகாரம் செய்யத்தான் துருவுகிறேன். சேம்பு இலைக்குள் தேங்காய்ப்பால் கட்டியாய் வெந்து வரும் வாசனைக்கு அந்த மனிதர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார். சமோவா முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு நாக்கு கிடைக்காது.

அந்த நாக்குக்குத்தான் ஆபத்து வந்தது. உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நட என்று ஆப்பியா நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஆக்லாந்தில் வேலை பார்க்கும் மகள் லோசா ஒரு பெட்டி அனுப்பினாள். கணுக்காலுக்கு ஒரு பட்டை, நெஞ்சுக்கு ஒரு வில்லை. போனில் விளக்கமும் சொன்னாள்.

"அப்பா, காலும் நெஞ்சும் கம்பி இல்லாமலே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். பேசினதையெல்லாம் அம்மா போன்கிட்ட வந்து ஒப்பிச்சிடும்."

"என் காலுக்கும் நெஞ்சுக்கும் எனக்குத் தெரியாம என்னடி பேச்சு?"

"இனிமே உலகமே இப்படித்தாம்ப்பா. வாயே வேண்டாம். உடம்பே பேசிடும்."

"வாய் வேண்டாம்னா உங்கம்மா என்ன பண்ணுவா, பாவம்?"

அவர் மனைவி மாசினா வில்லையை எடுத்து அவர் நெஞ்சில் ஓங்கி ஒட்டினாள். அப்புறம்தான் சட்டம் போட்டாள்.

"வாரம் பூரா நடந்தா ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் பாலுசாமி. நடக்கலேன்னா பப்பாளிக் கஞ்சி. நான் சொல்லமாட்டேன், போன் சொல்லும்."

முதல் நாள் பெசமினோ சீமைப்பலா மரம் வரை வீரமாய் நடந்தார். அங்கே நிழல் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். எதிரே அவர் வீட்டுக் கறுப்புப் பன்றி போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று. டாக்டர் சொல்லாமலே என்னமாய் நடக்கிறது என்று வியந்தவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. பட்டையைக் கழற்றிப் பன்றியின் காலில் கட்டிவிட்டார்.

வில்லையையும் அதற்கே ஒட்டிவிடலாம் என்று இழுத்துப் பார்த்தார். ரோமத்தோடு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நடப்பது கால்தானே, நெஞ்சு பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாயங்காலம் சங்கு ஊதினால் 'சா' என்கிற ஜெப நேரம். எல்லோரும் வீட்டுக்குள் ஜெபத்தில் இருக்க வேண்டும், ரோட்டில் காலடியே விழக்கூடாது. விழுந்தால் ஊர்ச்சபைக்கு ஒரு பெட்டி டப்பா மீன் அபராதம். பிடிப்பதற்குத் தடியோடு ரோட்டோரக் கல்லில் உட்காரும் காவலர் யார் என்றால், நம் பெசமினோதான்.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு முன்னால் மாசினா போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, கால் பிரமாதமா நடந்திருக்குங்க."

"பின்னே? யார் கால்?"

"ஆனா பெரிய நடையெல்லாம் சங்கு ஊதினப்புறமா இருக்கே."

பெசமினோ சிரித்தபடியே நின்றார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது, புரிந்ததும் போய்விட்டது. ரோடு காலியானால்தான் பாஸ்டர் தோட்டத்துக்குப் போகலாம் என்பது பன்றிக்குத் தெரிந்திருக்கிறது.

"சா நேரத்துல காவலரே ஊர் சுத்தினா, நான் சபையில சொல்லித்தானே ஆகணும்?"

"நானா? கல்ல விட்டு எந்திரிக்கவே இல்லடி. ஊரே சாட்சி."

"அப்ப நடக்கல."

"நடந்தேனே... அதாவது, உக்காந்துகிட்டே காலை ஆட்டினேன்."

"இவ்வளவு தூரமா?"

"மெஷின் குழம்பியிருக்கும்."

"கால் குழம்பிச்சு, சரி. நெஞ்சைப் பாருங்க. கால் ஓடுற நேரத்துல நெஞ்சு தூங்கிட்டிருக்கு. காவல்லயா தூக்கம்?"

நடந்தேன் என்றால் டப்பா மீன். நடக்கவில்லை என்றால் கஞ்சி. உட்கார்ந்திருந்தேன் என்றால் தூக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாசினா அங்கே முன்னாலேயே போய் நின்றாள். அவருக்குத் தன் கால் எது, பன்றியின் கால் எது என்றே குழம்பிவிட்டது.

"பன்னிடி," என்றார் மெதுவாக.

"தெரியும். அதுக்குத் தினமும் தீனி வைக்கிறது யாரு?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"உடம்பே பேசிடும், வாய் வேண்டாம்னாளே நம்ம லோசா. அதான் பேசாம இருந்தேன்."

மறுநாள் சர்ச் விட்டு வந்ததும் மாசினா சூடான பாலுசாமியைத் தட்டில் வைத்துக்கொண்டு நேரே அவரைப் பார்த்து வந்தாள். பெசமினோ கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு கோபம் இருந்தாலும் பெண்டாட்டி மனசு என்று நினைத்திருப்பார். அவள் அவரைத் தாண்டி முற்றத்தில் இறங்கி, தட்டைப் பன்றி முன்னால் வைத்தாள்.

"என்னடி அநியாயம் இது?"

"வாரம் பூரா நடந்தவங்களுக்குத்தானே தர்றேன்னேன்."

பன்றி இலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிக்கவும் கூச்சப்பட்டு நின்றேன். திங்கட்கிழமை விடிந்ததும் பெசமினோ தானே நடக்கக் கிளம்பிவிட்டார். பன்றி முன்னால், அவர் பின்னால். அது நின்று திரும்பி, இன்னும் வரவில்லையா என்பது போல அவரை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அப்போது அவர் முகம்... அடுப்படியிலிருந்து அத்தை கூப்பிடுகிறாள். "இதோ வந்துட்டேன் அத்தை, தேங்காய் இன்னும் அரை மூடிதான் பாக்கி."