நாலு பாட்டிலும் ஒரு பக்கெட்டும்

"நாலு பாட்டில்லயும் நாலு விதமா வருதுங்க சார்," என்றாள் பிளசி.

தருமபுரியில் இருந்த அந்தத் தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீரைக் குப்பியில் அடைத்துச் சூடாக்கி, மேலே நிற்கும் ஆவியை ஊசியால் உறிஞ்சி, என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் மிஷின் அவள் பொறுப்பு. கிணற்றுத் தண்ணீரில் பெயிண்ட் தின்னர் வாடை அடிக்கிறது என்று அரூர்ப் பக்கத்து விவசாயி நஞ்சப்பன் நாலு பாட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றில் தின்னர் ஏராளம். இன்னொன்றில் துளிகூட இல்லை. மற்ற இரண்டும் இரண்டுங்கெட்டான்.

"ஒரே மனுஷன் கொண்டாந்த தண்ணி எப்படிம்மா மாறும்? மூடி லூசா இருக்கும்," என்றார் மேலாளர் மாதவராஜ்.

அவரே இறுக்கினார். இரண்டு குப்பிகள் உடைந்தன.

"சூடு பத்தல போல." கூட்டினார். வெளியே எடுத்த குப்பியின் மூடி பறந்துபோய், வரவேற்பில் இருந்த லூர்துமேரியின் தயிர்சாதத்தில் விழுந்தது.

"வெளி வாசன ஏதாவது ஏறுதோ என்னவோ," என்று பிளசி சொல்லப்போக, பவுடர், சென்ட், மல்லிகைப்பூ எல்லாவற்றுக்கும் தடை வந்தது.

"சார் தலையில வழியற எண்ணெய மட்டும் மிஷின் மோந்து பாக்காதுங்களா?" என்று கேட்டாள் லூர்துமேரி.

மாதவராஜ் குளியலறைக்குப் போய்த் தலையை அலசிக்கொண்டு வந்தார். அப்போதும் நாலு விதம்தான்.

சாயங்காலம் நஞ்சப்பன் வந்துவிடுவார். வேலை போய்விடும் என்றே பிளசி முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பயத்தில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது.

"சார், அவரு மொள்ளும்போது தண்ணி சரியா கலந்திருக்காது. நாலையும் ஒண்ணா ஊத்திக் கலக்கிப் பாப்பமா?"

மாதவராஜின் முகம் மலர்ந்தது. பக்கெட் வந்தது. நாலு பாட்டிலையும் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து, அவரே கலக்கினார். மறுபடி நாலு குப்பி. நாலிலும் ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி. பிளசி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். லூர்துமேரி மிஷினுக்கே சிலுவை போட்டாள்.

நஞ்சப்பன் வந்ததும் மாதவராஜ் எழுந்து நின்று அறிக்கையை நீட்டினார். "தின்னர் இருக்குதுங்க. நாலு பாட்டில்லயும் இம்மிகூட மாறல. இவ்ளோ சுத்தமான ரிசல்ட்ட நீங்க எங்கயும் பாக்க முடியாதுங்க."

நஞ்சப்பன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது சரிங்க சார். எங்க நாலு கிணத்துல எந்தக் கிணத்துத் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாம்?"