நொச்சி வைக்காத வீடு

என் வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முழுதாக ஒரு பகல் நம்பியவன் நான். காலையில் பல்விளக்கப் பின்பக்கம் போனால், துணி துவைக்கும் கல்லை ஒட்டி ஒரு மண்கலயம் இருந்தது. உள்ளும் புறமும் கறுப்புப் பெயின்ட். முக்கால்வாசி தண்ணீர். அதில் பாதி நனைந்தபடி ஒரு வெள்ளைத் துணி. கழுத்தில் நீல மையில் '7' என்று ஓர் எண். ஏழு நாள்தான் கெடுவா, இல்லை ஏழரைச் சனியில் அரையை மட்டும் தள்ளுபடி செய்திருக்கிறார்களா என்று புரியாமல், வாயில் பிரஷ்ஷோடு கால்மணி நேரம் நின்றேன். பிறகு எலுமிச்சம்பழத்தை நாலாக வெட்டி, குங்குமம் தடவி, கலயத்துக்குள்ளேயே போட்டேன். முள்ளை முள்ளால் எடுக்கிற யோசனை.

சாயங்காலம் ஒருவர் வந்து கலயத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"ஏன் அப்பு, இதுக்குள்ள எலுமிச்சம்பழம் போட்டது யாரு? கொசு வராதுல்ல?"

"கொசு வரணுமாண்ணே?"

"பின்னே? முட்டை போடத்தானே வச்சிருக்கேன். ஒங்க வீட்டம்மாட்ட நேத்தே சொல்லிட்டுத்தான் வச்சேன்."

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். "சொன்னாரு," என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "நீங்க பயந்து நிக்கிறது நல்லா இருந்துச்சு. செத்த நேரம் பாத்துட்டு இருந்தேன்."

அவர்தான் கண்ட்ரோல் அண்ணன். திண்டுக்கல் ஜில்லாவிலேயே 'எனக்குத் தெரியல' என்பதை வெட்கப்படாமல் சொன்ன ஒரே ஆள். நம் ஊரில் யாரிடமாவது எரியோட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி தெரியாதவர்தான் முதலில் கை நீட்டுவார். இவர் ஒருவர்தான், தன் தெருவில் நின்றுகொண்டு தன் வீட்டைப் பற்றிக் கேட்டாலும், "பாத்துட்டுச் சொல்றேன்" என்பவர்.

ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தவளை கழுவினார், கண்ணாடிக் குழாய் கழுவினார், பேராசிரியர்கள் செய்த சோதனைகளையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த முப்பத்தோரு வருடத்துக்கு அவர் கொடுத்த விலை அவருடைய மூக்கு. தவளை ஊறப்போடும் பார்மலின் நெடியைக் குடித்துக் குடித்து, மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மூக்காகிவிட்டது. "மூக்கு போனா என்ன, எண்ணுறதுக்குக் கண்ணு இருக்கு" என்பார்.

பட்டப்பெயர் வந்த கதை இது. நாகல் நகரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருநாள் டெய்லர், "எங்க அத்தைக்கு அந்தக் கசாயத்தை ஒரு மண்டலம் குடிச்சதும் மூட்டுவலி பறந்துபோச்சு" என்றார். இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி. குடிக்காத அத்தை யாரு?"

"என்னது?"

"அதே வயசு, அதே வலி, கசாயம் குடிக்காத அத்தை. அவங்களுக்கு வலி போச்சா, இருக்கா? அது தெரியாம இது எப்படித் தெரியும்? கண்ட்ரோல் வேணும்ப்பு, கண்ட்ரோல்!"

"எங்க குடும்பத்துல எந்த அத்தையும் குடிக்க மாட்டாங்க!" என்று டெய்லர் சண்டைக்குப் போய்விட்டார். மருந்துக்கடைக்காரர் 'கண்ட்ரோல்' என்றதும் சர்க்கரையைச் சொல்கிறார் என்று நினைத்து, டீயில் சீனியைக் குறைக்கச் சொன்னார். எங்கள் தெருவிலேயே மூத்த மனிதர் ஒருவர், ரேஷன் கடையைக் 'கண்ட்ரோல் கடை' என்றே சொல்லிப் பழகியவர், பாமாயில் எப்போது வரும் என்று இவரிடம் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கலயத்துக்கு வருவோம். அந்த வருடம் மழை முடிந்த கையோடு கொசு. அடுத்த தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். நொச்சி வைத்தால் கொசு வராது என்று எல்லோரும் சொன்னார்கள். கண்ட்ரோல் அண்ணனும் அதை நம்பினார். அதுதான் அவருடைய கவலையே.

"நானும் நம்புறேன் அப்பு. நம்புறதுனாலதான் சோதிக்கணும். நம்பாததைச் சோதிக்க எவன் வேணும்னாலும் வருவான்."

இன்னொன்றையும் சொன்னார். டீக்கடையில் சொல்லவில்லை. என் அச்சாபீசுக்கு வந்து, கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார். "எத்தனையோ பேரு டாக்டர் பட்டம் வாங்குன சோதனைக்கு நான் கண்ணாடி கழுவியிருக்கேன். எனக்குன்னு ஒரு கேள்வி, அதுக்கு ஒரு விடை, இதுவரைக்கும் இல்ல. ஒண்ணே ஒண்ணு சுத்தமாச் செஞ்சு பாத்துரணும்."

சுகாதார ஆய்வாளர் ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தார். கணக்கு தெளிவாக வந்தால், சாக்கடை நெடுக நொச்சி நடுவதற்கு மேலே எழுதுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

திட்டம் சுலபமானது. எங்கள் சந்தில் பத்து வீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு கறுப்புக் கலயம், ஒரே அளவு தண்ணீர், ஒரே துணி. கொசு அந்தத் துணியில்தான் முட்டை போடும். ஐந்து நாளைக்கு ஒருமுறை, முட்டை கொசுவாகிப் பறப்பதற்குள், துணியை எடுத்து லென்ஸ் வைத்து எண்ணிவிட்டு வெந்நீரில் போட்டுவிடுவார். ஐந்து வீட்டுக்கு இரண்டு தொட்டி நொச்சி. மிச்ச ஐந்து வீட்டுக்கு இரண்டு தொட்டி மண்.

"வெறும் மண்ணாண்ணே?"

"தொட்டி எல்லா வீட்லயும் இருக்கணும்ல? இல்லேன்னா கொசு நொச்சியப் பாத்துப் போச்சா, தொட்டியப் பாத்துப் போச்சான்னு கேப்பாங்க. நொச்சி ஒண்ணுதான் வித்தியாசம். மத்ததெல்லாம் ஒண்ணுபோல."

எந்த வீட்டுக்கு எது என்பதில்தான் தெரு இரண்டுபட்டது. எல்லோருக்கும் நொச்சி வேண்டும். டியூஷன் டீச்சர் ஒரு தூக்குவாளி நிறையக் கோலா உருண்டை கொண்டுபோய்க் கொடுத்து, "எங்க வீட்லதாண்ணே கொசு ஜாஸ்தி" என்றார். அண்ணன் கோலாவைத் தின்றுவிட்டு, "அதுக்குத்தான் சீட்டு. கொசு ஜாஸ்தி உள்ள வீடா பாத்து நான் நொச்சியக் குடுத்தா, அப்புறம் கணக்கு நான் சொன்னதைத்தானே சொல்லும்" என்றார். எங்கள் தெருவில் வீடு இல்லாத ஆளாக, முனையில் இஸ்திரி போடும் அய்யம்மாவைக் கூட்டிவந்து, ஒரு தம்ளரிலிருந்து சீட்டு எடுக்கச் சொன்னார். கணக்கு எழுதும் படிவத்தை நான்தான் இலவசமாக அச்சடித்துக் கொடுத்திருந்தேன். இடப்பக்கம் 'நொச்சி வைத்த வீடு'. வலப்பக்கம் 'நொச்சி வைக்காத வீடு'.

முதல் ஐந்து சீட்டு வலப்பக்கம் என்பது பேச்சு. அய்யம்மா எடுத்த மூன்றாவது சீட்டு ஏழு, எங்கள் வீடு. வலப்பக்கம்.

"ஒண்ணும் வருத்தப்படாத அப்பு," என்று என் தோளைத் தட்டினார். "வைக்காத வீடு இல்லேன்னா வச்ச வீட்டுக்கு அர்த்தமே இல்ல. நீங்க அஞ்சு பேருதான் முக்கியம்."

முக்கியமானவனாக நான் தூங்கியது மூன்று ராத்திரி. நாலாம் நாள் எனக்குத் தும்மல் வந்தது. தும்மலா அது? முழங்கை வலித்தது, கண்ணுக்குப் பின்னால் வலித்தது, இதுவரை இருப்பதே தெரியாத உறுப்புகளெல்லாம் வலித்தன. எனக்குப் பிறகு அச்சாபீசை யார் பார்ப்பார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். "இப்பவும் நான்தானே பாக்குறேன்" என்றாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "ஐஸ்கிரீம் சாப்பிட்டீங்களா?" என்றார். சாப்பிட்டிருந்தேன். ஆனால் பயத்துக்கு டாக்டர் சொல்வது காதில் விழாது. அன்றைக்கே எரியோடு பஸ் ஏறி, மைத்துனன் தோட்டத்து வேலியில் ஒரு சாக்கு நொச்சி ஒடித்துக்கொண்டு வந்தேன்.

கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு மேலே, குளியலறை ஜன்னலில், எங்கும் நொச்சி. கலயத்துக்கு மேலே கொடியில் துணி காயப்போடுவதுபோல வரிசையாகக் கட்டி, அதன்மேல் ஒரு போர்வையும் போட்டேன். பொழுது சாய்ந்தால் புகை வேறு.

"ஏங்க, நம்ம வீட்ல நொச்சி இல்லன்னு அவரு நோட்டுல எழுதிட்டு இருக்காரே?"

"எழுதட்டும். கொசுவுக்கு வாசிக்கவா தெரியும்?"

அந்தப் பதிலுக்கு நானே சிரித்தேன். இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் முதல் எண்ணிக்கை. அண்ணன் நேரே பின்பக்கம் கலயத்துக்கு வந்தார். வீடு அடிக்கிற வாசனையில் தெருவில் போன நாய் தும்மிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "வெயில் நல்லா இருக்கு இன்னைக்கு" என்றார். அந்தப் பார்மலின் மூக்குக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று தோன்றியது. அவர் போர்வையைத் தொடவில்லை. அடுத்தவர் வீட்டுக் கொடித்துணியைத் தொடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. லென்ஸை வைத்து எண்ணினார். எழுதினார். மறுபடி எண்ணினார்.

"வீட்ல எதுவும் மாத்துனீங்களா அப்பு?"

"மாத்தவா? நாலு நாளா சட்டையக்கூட மாத்தலண்ணே."

"அதான் பாத்தேன்," என்று எழுதிக்கொண்டார்.

இப்படியே மூன்று மாதம். மழை பெய்தாலும் குடையோடு வருவார். ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் கூட்டம். சுகாதார ஆய்வாளரும் வந்திருந்தார். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். நோட்டைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் வந்திருக்கு. நொச்சியால கொசு கொறையுதா இல்லையான்னு..." மூடினார். "தெரியல."

ஆய்வாளர் நல்ல மனிதர். "பரவாயில்ல சார், இன்னொரு தடவை பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அப்படியே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மாட்டிக்கொள்ளாத சந்தோஷம் எனக்கு.

"மூணு மாசம் கொசு முட்டை எண்ணி, நாலெழுத்துப் பதில் கொண்டுவந்திருக்காருய்யா அண்ணன்!"

கடை முழுக்கச் சிரித்தது. மற்ற நாலு 'வைக்காத வீட்டுக்காரர்'களும் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அண்ணனும் சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் 'தெரியல அண்ணன்' ஆனார். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

ஒரு வாரம் கழித்து, நோட்டைத் தூக்கிக்கொண்டு அச்சாபீசுக்கு வந்தார். "எங்க தப்புப் பண்ணேன்னு பிடிபட மாட்டேங்குது அப்பு. கலயத்துல ஏதாவது கோளாறா? பெயின்ட் வாசனையா? இல்ல எண்ணுனதுல என் கண்ணு தப்பா?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நாக்கு நுனி வரை வந்தது. "கொசுவுக்குக் கண்ட்ரோல் இல்லண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு மறுபடி செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்கு முன்னாலேயே ஒட்டன்சத்திரத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்.

போன மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. தெருவிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். பாதி வழி போனதும் எனக்குத் தாங்கவில்லை.

"டெய்லரே, ஒண்ணு சொல்லணும். அந்தக் கொசுக் கணக்கப்போ நான் வீட்டுக்குள்ள நொச்சி வச்சிருந்தேன்."

டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் தலகாணிக்குள்ள வச்சுத் தச்சிருந்தேன்" என்றார்.

முன்சீட்டிலிருந்து டியூஷன் டீச்சர், "மொட்டை மாடித் தொட்டியில மரமாவே வளத்தேன். இப்பவும் இருக்கு" என்றார். எங்கள் ஐந்து 'வைக்காத வீட்டில்' நாலாவது வீட்டுக்காரர் பிரிட்ஜுக்குப் பின்னால் என்றார். ஐந்தாவது வீட்டம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "கலயத்துப் பக்கத்துலயே வச்சேன். அவரு வாரப்ப மட்டும் எடுத்துருவேன்" என்றார். முதலில் சிரிப்பு வந்தது. வேனே குலுங்கியது. பிறகு, அண்ணனிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

மண்டபத்தில் அண்ணன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மருமகன் எங்களை வாசலிலேயே நிறுத்தி, "ஏனுங்க, பக்கத்துல போயி பேரைச் சொல்லிப் பேசுங்க. மாமாவுக்கு ரெண்டு கண்ணும் சரியாத் தெரியறதில்லீங்க, சர்க்கரை" என்றார். போனேன். பேரைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், சாக்கு, போர்வை, தலகாணி எல்லாம். திட்டுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்ப கலயத்துல கோளாறு இல்லையா?"

"இல்லண்ணே."

"எண்ணுனதும் சரிதானா?"

"சரிதாண்ணே."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "சாப்டியா அப்பு? வெஞ்சனம் நல்லா இருக்காம், பந்தி முடியிறதுக்குள்ள போ." நகரப் போனவனைச் செத்த நேரம் விடாமல் வைத்திருந்தார். "மறுபடி செய்யலாம். ஆனா யாராவது எண்ணணுமே," என்றார்.

இத்தனை வருடம் கலயத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார், பெயின்டைச் சந்தேகப்பட்டிருக்கிறார், நன்றாக இருந்த காலத்துத் தன் கண்ணையும் சந்தேகப்பட்டிருக்கிறார். எங்களைச் சந்தேகப்படலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நடந்தது இவ்வளவுதான்: கண்ட்ரோல் அண்ணன் செய்த சோதனையில் ஒரு பிழையும் கிடையாது. எங்கள் சந்தில் பத்து வீடு. பத்திலும் நொச்சி இருந்தது.